தாத்தா அப்படியேதான் இருந்தார், கட்டம்தான் மாறியது

எல்லாருக்கும் வணக்கம். இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த வீட்டுக்கு முன்னால் நின்று பேசுகிறேன். காற்று இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பனங்காட்டுக் காற்று.

எங்கள் சின்னத் தாத்தா 1968-இல் திசையன்விளையிலிருந்து மேல்படிப்புக்காக அமெரிக்கா போனவர். தேரிக்காட்டு வெயிலில் கறுத்த ஆள். 1970 சென்சஸில் அந்த நாடு அவரை எதில் சேர்த்தது தெரியுமா? வெள்ளையர். அன்று இந்தியர்களை அப்படித்தான் எண்ணினார்கள். 1980-இல் சென்சஸ் படிவத்தில் 'ஆசிய இந்தியர்' என்று புதுக் கட்டம் வந்தது, தாத்தா அதற்குள் போனார். 1930-இல் அங்கே இருந்திருந்தால் அவர் இனம் 'ஹிந்து' என்று எழுதியிருப்பார்கள். மதத்தைச் சொல்லவில்லை, இனத்தைத்தான். சீக்கியரும் முஸ்லிமும்கூட அதே 'ஹிந்து'தான். இடையன்குடி கோயிலில் ஞானஸ்நானம் எடுத்த எங்கள் தாத்தாவும்தான்!

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இனம் ரத்தத்தில் இருக்கிறது என்றுதானே நினைத்திருந்தோம்?

ஓமி, வைனன்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1986-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். 'இன உருவாக்கம்' என்று சொல்லலாம். இன்னார் இந்த இனம் என்பதை அரசும் சட்டமும் போராட்டமும் சேர்ந்து உண்டாக்குகின்றன, மாற்றுகின்றன, சில சமயம் அழித்தும் விடுகின்றன என்பது அவர்கள் வாதம்.

கோர்ட்டிலேயே இது நடந்திருக்கிறது. அன்று அமெரிக்காவில் குடியேறி வந்தவர் குடியுரிமை கேட்டால் வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியாகவோ இருக்க வேண்டும். 1922-இல் ஒசாவா என்ற ஜப்பானியர் கேட்டார். 'வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம், நீ அது இல்லை' என்றது உச்ச நீதிமன்றம். காக்கேசியர் என்பது ஐரோப்பியரையும் வேறு சில மக்களையும் சேர்த்து அன்றைய அறிஞர்கள் வைத்த பெயர். மூன்றே மாதம். பஞ்சாபிலிருந்து போன பகத் சிங் திந்த் வந்து நின்றார். அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய அறிஞர்கள் கணக்குப்படி நான் காக்கேசியன்தான் என்றார். உடனே அளவுகோல் மாறிவிட்டது. அறிஞர் சொல்வது கிடக்கட்டும், சாதாரண மனிதன் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்று 1923-இல் தீர்ப்பு. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடம் அதைப் பறித்தார்கள். கட்டம் மனிதன் போட்டதுதான், ஆனால் அதனால் போனது நிஜமான வாழ்க்கை. இனம் வெறும் கற்பனை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே இருந்துகொண்டுதான் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதினார், 1856-இல் வந்தது. அவர் நிறுவியது ஒரு மொழிக் குடும்பம். மொழியை யாரும் கற்றுக்கொள்ளலாம், மறக்கலாம். ஆனால் அந்தப் பெயர் உடம்பின் மேலும் ஏறியது. இந்தியாவில் 1901 சென்சஸை நடத்திய ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து இனம் பிரித்தார், 'திராவிட வகை' என்று ஒன்றும் வைத்தார். ஆதிச்சநல்லூர் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளும் அளவுகோலுக்குத் தப்பவில்லை. தாமிரபரணிக் கரையில் நெல்லோடும் இரும்போடும் புதைக்கப்பட்டவர்களுக்கு, அவர்கள் கேள்விப்பட்டே இராத பெயர்களை ஒட்டினார்கள். அந்த மூக்களவுப் பட்டியலையே எடுத்துப் பார்த்து, சாதிப் பிரிவு இனப் பிரிவோடு பொருந்தவில்லை என்று அம்பேத்கர் 1948-இல் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த பதில் அது.

அப்புறம் ஒன்று. சின்னத் தாத்தா பேத்திக்கு அம்மா கறுப்பின அமெரிக்கர். 2020 சென்சஸ் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எனக்கு வீடியோ காலில் வந்தாள். 'அண்ணா, எதில் டிக் போட?' ஒன்றுக்கு மேல் குறிக்கலாம் என்ற விதி அங்கே 2000-இல்தான் வந்தது. அவள் இரண்டிலும் போட்டாள். போட்டுவிட்டு, தாத்தா எதில் போட்டிருப்பார் என்று கேட்டாள். எந்த வருஷம் என்று சொல்லு, சொல்கிறேன் என்றேன்.