சரிங்கய்யா

வணக்கம் நேயர்களே. நான் சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து வருகிறேன். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது, நம்ம ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அங்கே பிசியோவாக, அதாவது உடற்பயிற்சி மூலம் வலியைக் குறைப்பவராக, வேலை. என்னிடம் வருவது முக்கால்வாசி முட்டிவலி.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி வந்தார். முட்டித் தேய்மானம். எட்டுப் படம் போட்ட பயிற்சித் தாளைக் கொடுத்தேன். "தினமும் செய்யணும் பாட்டி." "சரிங்கய்யா." "தரையில உட்காரக்கூடாது." "சரிங்கய்யா." அடுத்த மாதம் வந்தால் முட்டி அப்படியே இருக்கிறது. தாளும் பைக்குள் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

எனக்குக் கோபம். பிறகு தாளைப் பார்த்தேன், முதல் படத்தில் ஒரு பெண் கட்டிலில் படுத்திருக்கிறாள். "வீட்ல எங்க படுப்பீங்க?" "பாயிலங்கய்யா. படுத்தா தூக்கிவிட ஆள் வேணும்." இதைக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது!

அப்புறம்தான் கேட்டேன், முட்டி சரியானால் என்ன செய்ய ஆசை என்று. "மாரியம்மன் திருவிழாவுல காய் நறுக்கணும்." தரையில் அரிவாமனை போட்டு, மற்ற பெண்களோடு. போன வருடம் நாற்காலி கொடுத்தார்களாம். "மேல உட்கார்ந்தா அவளுங்க பேசுறது காதுல விழலங்கய்யா."

நான் கூடாது என்றதுதான் அவருக்கு வேண்டியது. உட்கார்ந்து பேசினோம். மேசையில் வைத்து நறுக்கினால் வலி குறையும், ஆனால் அதுவும் நாற்காலிதான். தரையில் இறங்கி எழப் பழகலாம். தொடைத் தசை வலுக்க 6 முதல் 12 வாரம் பிடிக்கும், நடுவில் கொஞ்சம் வலிக்கும், மறுநாளைக்குள் அடங்கினால் பயமில்லை. ஊசி, அறுவை பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு அவரே, "பழைய பால் வாளி கெடக்கு, கவுத்துப் போட்டு உட்கார்ந்து எந்திரிச்சுப் பழகட்டுமா?" என்றார். வாளி வழுக்கும் என்பது என் கவலை. சுவரோரம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்று முடிவானது. எட்டுப் படம் போய் ஒரே பயிற்சி. மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவத் தெரிந்த கைக்குச் சொந்தக்காரர், தன் முட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவரா?

அறுவை சிகிச்சையின் ஆபத்தை நோயாளிக்கு எவ்வளவு சொல்வது என்பதை மருத்துவர்கள் மட்டும் தீர்மானிக்க முடியாதென்று நம் மலேசியக் கூட்டரசு நீதிமன்றமே 2006-இல் சொல்லிவிட்டது. நாம்தான் இன்னும் தலையாட்டுகிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று விரல் காட்டுகிறார்கள். முதுகுவலி பற்றி நிறைய வைத்திருந்தேன். ஒன்று மட்டும்: முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, இரண்டு காலும் மரத்தாலோ பேசிக்கொண்டிருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவு. மற்றதற்கு, "வேற வழி இருக்கா, சும்மா விட்டா என்ன ஆகும்" என்று பிசியோவிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாட்டியா? நறுக்கினார். பூசணிக்காயை மட்டும் பக்கத்தில் தள்ளிவிட்டாராம். வணக்கம்.