கேமரா காட்டாத ஓரங்கள்

அவையோருக்கு வணக்கம்.

ஒரு பிரபுக் குடும்பத்தையும் அவர்களின் பணியாளர்களையும் பற்றிய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் 'டௌன்டன் ஆபி'. அதன் உடைகளும் படப்பிடிப்பு அரங்குகளும் 2017 ஜூன் மாதம் சிங்கப்பூர் மரினா பே சேண்ட்ஸில் கண்காட்சியாகத் திறக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கண்காட்சி நியூயார்க்குக்குப் போனது. இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்களில் பலர், "இது எந்தக் காட்சியில் வந்தது?" என்று யோசித்துவிட்டு அடுத்த உடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். திரையில் பார்த்ததையே மறுபடி பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேமரா காட்டாத ஓரங்களைப் பார்ப்பதற்காகப் போங்கள்.

உள்ளே நுழைந்ததும் இருட்டாகத் தெரியும். பழந்துணிக்குச் சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவை) போதும் என்பது அருங்காட்சியக வழக்கம். ஒளியால் வெளிறிய சாயம், துணியை எத்தனை நாள் இருட்டில் வைத்தாலும் திரும்பி வராது. கண் பழக 5 நிமிடமாவது கொடுங்கள். நடுவில் கைப்பேசித் திரையைப் பார்த்தால் பழகிய கண் கெட்டுவிடும். வாசலை ஒட்டிய முதல் சில உடைகளிடம்தான் கூட்டம் தேங்கும். அவற்றைக் கடந்து உள்ளே போய்விட்டுக் கடைசியில் திரும்பி வாருங்கள்.

இனி உடை. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு தொடங்கும் கதை 1920-களின் நடுப்பகுதிவரை போகிறது. அந்தச் சில ஆண்டுகளில் பெண்ணுடையின் உருவமே மாறிப்போனது. நீண்ட கார்செட் என்னும் உள்கச்சு இறுக்கிய உடம்பு போய், மார்பு தட்டையாகி, இடுப்புக்கோடு கீழே இறங்கியது. கண்காட்சிப் பொம்மைக்கு இந்த மாற்றம் தெரியாவிட்டால் உடை கெட்டுவிடும். இன்றைய கடைப் பொம்மையின் எடுப்பான மார்பில் 1920-களின் உடையை மாட்டினால் துணி முன்பக்கம் மேலே இழுபடும். கீழ் ஓரம் முன்னே தூக்கி, பின்னே தாழ்ந்து நிற்கும். நல்ல காட்சியாளர்கள் பொம்மையைச் சிறியதாக எடுத்து, பாலியஸ்டர் பஞ்சு அடுக்கி, நடிகையின் அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஆகவே முகத்தைப் பார்க்கும் முன் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அது தரைக்கு இணையாக இருக்கிறதா?

மணி வேலைப்பாட்டு உடைகளிடம் கூடுதல் நேரம் நில்லுங்கள். ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகளின் எடையை மெல்லிய ஷிஃபான் தாங்க வேண்டும். தொங்கவிட்டால் தோளில் கிழியும். அதனால்தான் பழைய உடைகளைப் படுக்கவைத்தே பாதுகாக்கிறார்கள். அக்காலப் பட்டு பலவற்றில் எடை கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றியிருப்பார்கள். அது இழையை உள்ளிருந்தே அரிக்கும். மடிப்பு வாக்கில் நீள நீளமாகக் கீறல் விழும். இத்தனை பலவீனமான துணியை அணிந்துகொண்டு ஒரே காட்சியைப் பலமுறை நடிக்க முடியாது. எனவே தொடரின் உடைக்கலைஞர்கள், நல்ல நிலையில் மிஞ்சிய பழைய மணி வேலைத் துண்டுகளைப் புதுத் துணியில் பதித்துச் சில உடைகளை உருவாக்கினார்கள். பழசும் புதுசும் சேரும் கோட்டைத் தேடிப் பாருங்கள். நிறத்தைவிடப் பளபளப்பில்தான் வேறுபாடு தெரியும். இந்தக் கைத்திறனுக்கு எத்தனை பாராட்டும் தகும்.

உடையின் பின்பக்கத்தைத் தவறவிடாதீர்கள். படப்பிடிப்பு உடைகளில் அலங்காரப் பொத்தான் வரிசைக்கு அடியில் பிரஸ் பட்டனோ கொக்கியோ ஒளிந்திருப்பது உண்டு. உடை மாற்றக் கிடைக்கும் நேரம் அவ்வளவு குறைவு. வெள்ளைச் சட்டையோ ஏப்ரனோ சற்று மங்கலாகத் தெரிந்தால் அழுக்கு என்று எண்ண வேண்டாம். தூய வெள்ளை கேமராவில் கண்ணைப் பறிக்கும் என்பதால் தேயிலைச் சாற்றில் நனைத்து அடக்குவார்கள். உழைப்பவர்களின் உடையை உப்புத்தாள், கம்பித் தூரிகை கொண்டு தேய்த்துப் பழசாக்குவார்கள். முழங்கை, பாக்கெட் வாய், காலர் மடிப்பு ஆகிய இடங்களில் மட்டும் தேய்ந்திருந்தால் செய்தவர் வேலை தெரிந்தவர். எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அந்த உடை பொய் சொல்லிவிடும்.

அரங்குகளுக்கு வருவோம். பிரபுக் குடும்பத்தின் மேல்மாடி வாழ்க்கை இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளியர் மாளிகையில் படமானது. சமையலறையும் பணியாளர் கூடமும் மேற்கு லண்டனில் உள்ள ஈலிங் ஸ்டூடியோவில் போட்ட செட். ஒருவர் தட்டை ஏந்தி ஈலிங்கில் படியேறத் தொடங்கி ஹைகிளியரில் சாப்பாட்டு அறைக்குள் நுழைவார். இரண்டும் வெவ்வேறு நாளில் எடுத்தவை. தட்டில் இருக்கும் உணவு, கையுறை, டை முடிச்சு எல்லாம் அச்சாக ஒத்துப்போக வேண்டும். கன்டினியூட்டி, அதாவது காட்சிகளின் தொடர்ச்சி, பார்ப்பவர் எடுத்து வைக்கும் புகைப்படங்கள் இல்லாவிட்டால் இது நடக்காது.

செட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரை இல்லாவிட்டால் விளக்குகள் அங்கிருந்துதான் இறங்கின என்று பொருள். சுவர்கள் சேரும் மூலையில் இணைப்புக் கோடு தெரிந்தால், கேமராவுக்கு இடம்விட அந்தச் சுவரைக் கழற்றியிருக்கக்கூடும். கீழ்த்தளத்தின் சாம்பல் சாயலையும் மேல்தளத்தின் நிறச் செழிப்பையும் ஒப்பிடுங்கள். வசனம் தொடங்கும் முன்பே வர்க்க வேறுபாட்டை நிறம் சொல்லிவிடுகிறது.

பணியாளர் கூடத்தில் அழைப்பு மணிகளின் வரிசை இருக்கும். அவை சுருள் கம்பியில் தொங்குகின்றனவா என்று கவனியுங்கள். சத்தம் அடங்கிய பிறகும் கம்பி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு தாமதமாக ஓடிவந்த பணியாளும் எந்த அறையிலிருந்து அழைத்தார்கள் என்று அந்த ஆட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.