பீரோ சாவி யார் கையில்?

(கோடை விடுமுறை வாசிப்பு குறித்து வேலூரில் ஆற்றிய உரை)

மேடையில் வீற்றிருக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, அணைக்கட்டிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் இந்த வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கும் தலைமை ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, இப்போதே கொட்டாவி விடும் முன்வரிசைப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். யார் பேரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் பேர் நீளம், எனக்குத் தந்த நேரம் குட்டை.

நான்கு செய்தி சொல்ல வந்தேன். மே மாதப் புத்தகப் பை, படப் புத்தகம் வாசித்துக் காட்டும் விதம், கிழிந்த புத்தகத்துக்கு வைத்தியம், பெற்றோர் பங்கு.

முதலில் பை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பைத் தெருவாரியாக ஆறு ஆறு பேராகப் பிரித்தால் ஐந்து குழு. குழுவுக்கு ஒரு மஞ்சப்பை, பைக்குப் பன்னிரண்டு புத்தகம். ஞாயிறுதோறும் பை அடுத்த தெருவுக்குப் போகும். ஐந்து வாரத்தில் அறுபது புத்தகமும் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் புழங்கிவிடும். மிஞ்சும் ஒரு வாரத்தை இடையில் சும்மா விடுங்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் குடியாத்தம் பக்கம் எந்தப் பையும் நகராது. அரசின் வாசிப்பு இயக்கத்தில் எளிதிலிருந்து கடினத்துக்கு நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வந்த புத்தகங்கள் பள்ளியில் இருக்குமே, அவற்றில் நுழையும் நடயும் நிறையப் போடுங்கள். பற ரெண்டு போதும், அது பையைப் பார்த்துக்கொள்ளும் எட்டாம் வகுப்பு அக்காவுக்கு. எழுத்து மண்டிய புத்தகமாகவே பையை நிரப்பினால் ரெண்டாம் வாரமே பை ஆணியில் தொங்கும். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது அதுதான்.

அடுத்து, வாசித்துக் காட்டுவது. புத்தகத்தை மார்புக்கு நேரே பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்தால் உங்களுக்கு எழுத்து தெரியாது, உங்கள் பக்கம் திருப்பினால் பிள்ளைக்குப் படம் தெரியாது. தோளுக்குப் பக்கவாட்டில், இடது கையால் அடிமடிப்பைத் தாங்கி, வலது கையால் மேல் மூலையைப் புரட்டுங்கள். அட்டையை ஒரு நிமிஷம் காட்டுங்கள். சென்னை தாரா பதிப்பகம் வெளியிட்ட புலிக்கதை ஒன்று உண்டு, ஆங்கிலப் பாட்டு, கறுப்பும் ஆரஞ்சும் மட்டுமே நிறம். புலியை வலையில் பிடித்துவிட்டு என்ன செய்யலாம் என்று கேட்கும் இடத்தில் பக்கத்தைத் திருப்பாதீர்கள். பிள்ளைகள் சொல்லட்டும். அமெரிக்கப் படக்கதைக்காரர் எரிக் கார்ல் 1969இல் தந்த பசித்த புழுக் கதைக்கு வேறு பக்குவம். திங்கள் ஒரு ஆப்பிள், செவ்வாய் ரெண்டு பேரிக்காய் என்று புழு தின்ற இடமெல்லாம் தாளில் நிஜத் துளை. அதில் விரல் விடாத பிள்ளை கிடையாது. சாதாத் தாள் சீக்கிரம் கிழியும், கெட்டி அட்டைப் பதிப்பே வாங்குங்கள். முடித்ததும் "நீதி என்ன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், சாமி!

நூலகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கதை வரும், நடந்ததோ இட்டுக்கட்டியதோ. ஒரு பள்ளிக்கு நூறு படப் புத்தகம் வந்தது. பெரிய வாத்தியார் எண்ணி, முத்திரை குத்தி, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோ சாவியை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். டிராயர் சாவி? அவர் அரைஞாண் கயிற்றில். ஜூன் மாதம் மாறுதல் வந்தது, அரைஞாணோடு போய்விட்டார். பிள்ளைகள் தினமும் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, தெரிந்த அட்டைகளை வைத்தே கதை கட்டினார்கள். யானை அட்டைக்குப் பக்கத்தில் ரயில் அட்டை. ஆகவே யானை ரயிலேறி ஜோலார்பேட்டை போனது. நாலாம் வருஷம் ஆடிட்டுக்கு வந்தவர் பூட்டை உடைத்து எண்ணினார். நூறும் இருந்தது. "இழப்பு ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திறந்து பார்த்தால், நூறையும் அட்டை முதல் அட்டை வரை ஒருவர் முடித்திருந்தார். இராமபாணப் பூச்சி! கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை, பூச்சி வாய்க்கு மட்டும் எட்டியது.

வைத்தியத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். பின் அடித்த புத்தகத்தில் முதலில் கழல்வது நடுத்தாள். செலோடேப் ஒட்டாதீர்கள், கத்திரி வெயிலில் பசை கசிந்து பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு மடிப்பில் மூன்று துளை போடுங்கள். ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளை வழியே உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியே, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே. நீளத் தையலை நடுவில் விட்டு இரு நுனியையும் முடிச்சுப் போடுங்கள். பைண்டர் பசையில் மயில்துத்தம் என்ற நஞ்சு இருக்கும், வாயில் வைக்கும் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அது ஆகாது.

அதிகாரி ஐயா மேடையில் இருக்கும்போதே நான் வந்த காரியத்தைக் கேட்டுவிடுகிறேன். நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்பாட்டுக்கு என்பதுதான். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போனது. மாடு இழுத்த புத்தகத்தை நாம் பூட்டி வைத்திருக்கிறோம். ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம். நூற்றுக்குப் பத்துப் புத்தகம் வருஷாவருஷம் தேயும், கிழியும், காணாமல் போகும், அதற்கு யாரையும் கேட்கமாட்டோம் என்று ஒரு வரி எழுத்தில் கொடுங்கள். கைக்கெட்டியது வாய்க்கும் எட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். பெற்றோர் பங்கு நின்றுவிட்டது, இன்னொரு கூட்டம் போடுங்கள், வருகிறேன். தாய்மார்களே, இந்த மாதக் குழுக் கூட்டத்தில் "பீரோ சாவி இருவரிடம் இருக்கும், ஒருவர் ஊரிலேயே இருப்பவர்" என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். மாதிரிப் பை ஒன்று மேடைக்குக் கீழே இருக்கிறது, பிரித்துப் பாருங்கள். ஊசியும் நூலும் பக்கப் பையில்.