பேர் வாயில் வராதபோது

நேயர்களுக்கு வணக்கம். நான் ஆங்கிலம் கற்றுத்தருகிறவன். மாணவர் ஒருவர் நன்றாகப் பேசிக்கொண்டே வருவார். நடுவில் ஏதோ ஒரு பொருளின் பெயர் வர வேண்டும், வராது. கை காற்றில் எதையோ வரையும். கடைசியில், "வேண்டாம் சார், விடுங்க" என்று உட்கார்ந்துவிடுவார். ஒரே ஒரு சொல்லுக்காகச் சொல்ல வந்ததையே விட்டுவிடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

ஒருமுறை அப்படி ஒருவரை நிறுத்திய பொருள் புனல். ஆங்கிலத்தில் ஃபனல். அவருக்கு அது தெரியாது. "தெரிந்த சொற்களை வைத்தே சொல்லுங்கள்" என்றேன். "ஆயில்... பாட்டில்..." என்று தொடங்கி மறுபடி நின்றார். ஆயில் தெரியும், பாட்டில் தெரியும், ஊற்றுவதற்கு 'போர்' என்பதும் தெரியும். அப்புறம் ஏன் தடுமாற்றம்?

நம் மொழியில் 'பாட்டிலில் எண்ணெய் ஊற்றுகிற சாமான்' என்போம். வேலையை முதலில் சொல்லிவிட்டு, பொருளைக் கடைசியில் வைப்போம். ஆங்கிலத்தில் இது தலைகீழ். 'எ திங்' முன்னால் வந்துவிட வேண்டும். 'ஃபார் போரிங் ஆயில் இன்டு எ பாட்டில்' அதன் பின்னால் வரும். அவர் தமிழ் வரிசையில் தொடங்கியதால் வழி அடைத்துக்கொண்டது. 'இட்ஸ் எ திங் ஃபார்' என்பதை ஒரே சொல் மாதிரி நாலைந்து முறை சொல்ல வைத்தேன். மீதி தானாக வந்தது.

'திங்' என்றாலே திருத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள். பெயர் நினைவுக்கு வராதபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி, சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே மற்ற சொற்களுக்குப் பொருள் விளக்கியது. அகராதி செய்கிற அதே வேலையைத்தான் மாணவரும் செய்கிறார். பேச்சு தடைபடும்போது சமாளிப்பதும் மொழித்திறனில் ஒரு பகுதி என்று மைக்கேல் கனேல், மெரில் ஸ்வெயின் என்ற ஆய்வாளர்கள் 1980இலேயே எழுதினார்கள்.

எதை முதலில் சொல்வது? பலரும் நிறத்தில் தொடங்குவார்கள், அந்தச் சொற்கள் நன்றாகத் தெரியும் என்பதால். ஆனால் 'வெள்ளையாக இருக்கும்' என்றால் கேட்பவருக்கு என்ன புரியும்? எதற்குப் பயன்படும் என்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு வடிவம், அளவு, எதனால் செய்தது என்று சேர்த்துக்கொள்ளலாம்.

பயிற்சியில் ஒரு தவறு நடக்கிறது. படத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டு, ஒருவரை விவரிக்கச் சொல்கிறோம். எல்லோரும்தான் பார்க்கிறார்களே, விவரிக்க என்ன தேவை? இரண்டு பேரை முதுகுக்கு முதுகு உட்கார வையுங்கள். படம் ஒருவரிடம், வெற்றுத்தாள் இன்னொருவரிடம். ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் வரைய வேண்டும். புனலை இப்படிச் செய்து பார்த்தபோது தாளில் ஒரு கிண்ணம்தான் வந்தது. 'அடியில் ஒரு குழாய்' என்பதைச் சொன்னவர் விட்டுவிட்டார். தாளைப் பார்த்ததும் "வித் எ ட்யூப்!" என்று அவரே கத்தினார். நான் திருத்தவே வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஒரு கேள்வியையும் கற்றுக்கொடுங்கள்: 'வாட் டு யு கால் இட்?' எதிரில் இருப்பவர் பெயரைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு நகரக் கூடாது. அந்தச் சொல்லை வைத்து உடனே ஒரு வாக்கியம் பேசிவிட வேண்டும். என் மாணவர் அன்றைக்கு அப்படித்தான் செய்தார்: "யெஸ், ஃபனல். ஐ நீட் எ ஸ்மால் ஃபனல்."