அந்த ஒரு ‘சொல்லுங்க’

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

மரியாதை குடியிருப்பது சொல்லிலா, உறவிலா? இதுதான் தலைப்பு. உறவில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர் ஜப்பானிய மொழியைக் காட்டினார். அங்கே எதிரில் இருப்பவரை உயர்த்திச் சொல்ல ஒரு வினை வடிவம், தன்னைத் தாழ்த்திச் சொல்ல இன்னொன்று, ஆகவே மரியாதை மொழியிலேயே பதிந்திருக்கிறது, சொல் போனால் அதுவும் போய்விடும் என்றார். சரி, நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜப்பானியத்தில் ‘கிசாமா’ என்று ஒரு சொல். பிரித்துப் பொருள் பார்த்தால் ‘மேன்மை தங்கியவர்’ என்பது மாதிரி வரும், ஒரு காலத்தில் அப்படி மரியாதையாகத்தான் சொல்லியும் வந்தார்கள். இன்றைக்கு ஒருவர் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னால் அடிதடிக்குக் கூப்பிடுவதாக அர்த்தம். சொல்லில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லையே, உள்ளே இருந்த மரியாதை எங்கே போனது? இன்னொன்று. மரியாதை வடிவங்களில் ஒன்றைக்கூட விடாமல் போட்டு, அதை வைத்தே ஆளை மட்டம் தட்டுவதற்கு அவர்களிடம் ‘இங்கின் புரெய்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. மரியாதை சொல்லுக்குள் பத்திரமாக இருந்திருந்தால் இப்படி ஒரு பெயருக்கு என்ன வேலை?

ஸ்பானிய மொழியில் ‘உஸ்தெத்’ என்றால் ‘நீங்கள்’ என்று பாடப்புத்தகம் சொல்லித் தரும். ஆனால் கொலம்பியாவின் பொகோட்டாவில் அண்ணன் தம்பிகளும் உயிர் நண்பர்களும், ஏன், கணவன் மனைவியும்கூட ஒருவரையொருவர் அப்படி அழைப்பதுண்டு. அங்கே அதில் கேட்பது நெருக்கம்.

‘நீங்கள்’ போய்விட்டால் பெரியவர் சின்னவர் என்ற வித்தியாசமே இருக்காது, எல்லாம் கெட்டுவிடும் என்று எதிரணி பயப்படுகிறது. சுவீடன் அதைச் செய்தே பார்த்துவிட்டது, நடுவர் அவர்களே. 1960கள் வரை அங்கே மேலதிகாரியையோ அறிமுகமில்லாதவரையோ ‘நீ’ என்று அழைக்க முடியாது. அவர்களுடைய ‘நீங்கள்’ உதவுமா என்றால் அதுவும் இல்லை, மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கூப்பிடும் சொல்லாக அது மாறிப்போயிருந்தது. அதனால் பதவியைச் சொல்லிப் படர்க்கையில் பேச வேண்டும்: எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டரிடமே “டாக்டர் காபி குடிப்பாரா?” என்று. பதவி தெரியாவிட்டால் இன்னும் சிரமம், “காபி தேவைப்படுமோ?” என்கிற மாதிரி ஆளே இல்லாத ஒரு வாக்கியத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். இந்தக் கட்டு அங்கங்கே தளர ஆரம்பித்திருந்த நேரத்தில், 1967ல், அரசு மருத்துவ நிர்வாகத்தின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்சேத், ஊழியர்கள் எல்லோரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போவதாகச் சொன்னார். அந்த மாற்றத்தோடு அவர் பெயரும் நிலைத்துவிட்டது. சில வருடங்களில் நாடே ‘நீ’க்கு வந்தது, இன்று மாணவர்கள் ஆசிரியரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர்கள் மரியாதை கெட்டவர்களா? மற்றவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் காத்திருக்கிற அந்தப் பொறுமைக்கு என்ன பெயர்?

ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1960லேயே இதை ஐரோப்பிய மொழிகளில் பார்த்து எழுதினார்கள். நீயா நீங்களா என்பதைவிட, நான் கொடுத்தது எனக்குத் திரும்பி வருகிறதா என்பதுதான் அவர்கள் கவனித்தது. இரண்டு பக்கமும் ‘நீ’ என்றால் அது நட்பு. ஒருவர் ‘நீ’ என்று சொல்லி, மற்றவர் ‘நீங்கள்’ என்றுதான் பதில் சொல்ல வேண்டும் என்றால் அது அதிகாரம். வயதில் மூத்த ஒரு தொழிலாளியைச் சின்னப் பையன் ஒருவன் ‘நீ வா, நீ போ’ என்று விரட்டும்போது நமக்கு வலிக்கிறதே, அவர் அதைத் திருப்பிச் சொல்ல முடியாது என்பதால்தான் அந்த வலி.

என் சொந்த அனுபவம் ஒன்று. பன்னிரண்டு வருட நண்பன், எப்போது போன் செய்தாலும் “என்னடா” என்றுதான் எடுப்பான். ஒரு பண விஷயத்தில் இருவருக்கும் மனஸ்தாபம். தப்பு என் மேல்தான். நாலு நாள் பொறுத்துப் போன் செய்தேன். எடுத்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், “சொல்லுங்க.”

குரலில் கோபம் இல்லை, இலக்கணப்படி குற்றம் சொல்ல இடமில்லை, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக எனக்கு மரியாதைப் பன்மை கிடைத்திருக்கிறது. போனைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

முன்பின் தெரியாதவரிடம் நானும் ‘நீங்கள்’ என்றுதான் தொடங்குவேன், அதை விடச் சொல்லவில்லை. இன்னும் உறவே உண்டாகாத இடத்தில் அந்தச் சொல்தான் கைகொடுக்கும். ஆனால் மரியாதை சொல்லில்தான் இருக்கிறது என்று எதிரணி சொன்னால், அன்றைக்கு என் நண்பன் எனக்கு மரியாதை கொடுத்தான் என்று ஆகிறது. அப்படித்தானா என்று அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். நன்றி.