பஸ் வருமா, டீச்சர்?

வணக்கம் நேயர்களே.

பருவநிலை மாற்றத்தைப் பற்றியும் பொதுப் போக்குவரத்தைப் பற்றியும் கால் மணி நேரம் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். காலை ஒன்பதரைக்கு ஒலிப்பதிவு. நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில், ஒலிப்பதிவுக் கூடம் ஈப்போவில். பஸ் ஏறி, தெலுக் இந்தானில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் மாறி ஒன்பதரைக்குள் வந்து சேர முடியுமா என்று நாலு பேரிடம் விசாரித்தேன். நாலு பேரும் சிரித்தார்கள். ஆகவே, பொதுப் போக்குவரத்தைப் பற்றிப் பேச வந்த நான் காரில்தான் வந்திருக்கிறேன். பிறகு யாராவது கேட்டு மாட்டிக்கொள்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடம் இடைநிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு மாணவன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கரும்பலகையில் எழுதுவேன். உடனே பின் வரிசையிலிருந்து, "டீச்சர், ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானே, அது எப்படி ரெண்டு கிலோவுக்கு மேல புகை ஆகும்?" என்று ஒரு குரல் வரும். அருமையான கேள்வி. பெட்ரோலில் இருக்கும் கரி தனியாக வெளியே போவதில்லை. எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு போகிறது. 12 பங்கு கரி 32 பங்கு ஆக்சிஜனோடு சேர்ந்து 44 பங்காகிறது. நாம் டாங்கியில் ஊற்றியதைப்போல மூன்று மடங்கு எடை வானத்துக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. அதனால்தான் யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை.

நாம் கொஞ்சம் கணக்கில் வைத்துப் பார்ப்போம். எங்கள் ஊரிலிருந்து ஒருவர் வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் கார் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கார்தான், 3 லிட்டர் குடிக்கும். அவர் பங்கு 7 கிலோ. அதே தூரம் ஒரு பெரிய பஸ் ஓடினால் 14 லிட்டர் டீசல், அதிலிருந்து 38 கிலோ வாயு. பஸ்ஸில் 40 பேர் இருந்தால் தலைக்கு ஒரு கிலோகூட வராது. இதுவரைதான் பாடப் புத்தகத்தில் இருக்கும். அதே பஸ்ஸில் நாலே பேர் இருந்தால்? தலைக்கு ஒன்பதரை கிலோ. காரைவிட மோசம். பஸ் விட்டால் போதும், பூமி குளிர்ந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைச் சொல்ல மாட்டார்கள். ஆளில்லாமல் ஓடும் பஸ்ஸால் யாருக்கும் பயனில்லை. ஏன் ஆளில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

போன மாதம் எங்கள் பஸ் நிறுத்தத்தில் நான் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். கார் பட்டறையில் கிடந்தது, வேறு வழியில்லை. நிறுத்தத்துக் கூரையின் தகரத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாக விழுந்த வெயில் வட்டம் மெல்ல மெல்ல நகர்ந்து என் மடிக்கு வந்தது. தூணில் கால அட்டவணை ஒட்டியிருந்த அடையாளம் இருக்கிறது. நாலு மூலையிலும் பசை, நடுவில் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு அக்கா, எழுபது வயதுக்குக் குறையாது, தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். பிளாஸ்டிக் பைக்குள் சர்க்கரை வியாதிக்கான அட்டை, தண்ணீர்ப் போத்தல், ஒரு பன்.

"பஸ் வருமா, டீச்சர்?" என்று கேட்டார்.

"எத்தனை மணிக்குங்கக்கா வரும்?"

"அது எப்ப வரும்னு அதுக்கே தெரியாதுலா."

ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. உள்ளே நாங்கள் இருவர், பள்ளிக்கு மட்டம் போட்ட ஒரு பையன், வங்காளதேசத்துத் தொழிலாளர் ஒருவர், ஓட்டுநர். வருமா வராதா என்று தெரியாத பஸ்ஸை நம்பி யார் வேலைக்குப் போவார்கள்? வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் மாதச் சம்பளத்திலேயே தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்துவிடுகிறான். பஸ்ஸில் ஒரு ஆள் குறைகிறது. ஆள் குறைந்ததால் ஒரு நடை குறைகிறது. நடை குறைந்ததால் இன்னும் இரண்டு பேர் மோட்டார் எடுக்கிறார்கள். கடைசியில் மிஞ்சுவது அந்த அக்காதான்.

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. கார்பன் கணக்கில், காப்சாய் என்று நாம் சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள் நல்ல பிள்ளை. 40 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்காது. ஆனால் நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் எத்தனை பேரின் துக்க வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனசு வராது. ஆகவே அந்த நல்ல பிள்ளையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாமா? நம் பாட்டன் பூட்டன் ஏன் இந்த நாட்டுக்கு வந்தார்கள்? ரப்பர் வெட்ட. அந்த ரப்பர் எதற்கு? 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார், சைக்கிளுக்கு. பிறகு மோட்டார் கார் வந்தது. 1908இல் ஃபோர்டு கம்பெனி மாடல் டி காரை இறக்கியது. உலகமெல்லாம் டயருக்கு ரப்பர் வேண்டும் என்று கிடந்து தவித்தது. மலாயாக் காடுகள் தோட்டங்களாயின, நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். காருக்குச் சக்கரம் செய்வதற்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேத்தி, கார் இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

என் அம்மா பால் வெட்டியவர். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, முதல் வேலையாக வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். மரப்பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் பேர், அதாவது அன்றைய நாள் கணக்கு, இல்லை; பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. எந்த மாதத்தில் இலை உதிரும், எந்த மாதத்தில் மழை பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். இன்றைக்கு இருந்திருந்தால் குழம்பிப் போயிருப்பார். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைவரை தண்ணீர் ஏறியதை நாம் பார்த்தோம். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது என்றார்கள். எங்கள் பாகான் டத்தோ மாவட்டமோ கடலோரத்தில் தாழ்ந்து கிடக்கும் பூமி. கரை போட்டு, மதகு வைத்துத்தான் உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்தியிருக்கிறோம். கடல் மட்டம் உயர்கிறது என்ற செய்தியை எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சமாச்சாரமாக யாரும் படிப்பதில்லை.

அம்மா காலத்துத் தோட்டத்தில் ஒரு விசேஷம் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் நடை தூரம். பள்ளிக்கூடம், கோயில், ஆயாக் கொட்டகை, மளிகைக் கடை எல்லாமே நடை தூரம். வெளிக்காட்டுக்குப் போகிறவர்களுக்குச் சைக்கிள். இன்று பாரிஸ் நகரத்தில் எல்லாம் பதினைந்து நிமிட நடையில் கிடைக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அட, நாங்கள் பிறந்து வளர்ந்ததே அப்படித்தானே! ஆனால் அதைப் பொற்காலம் என்று பாட நான் தயாரில்லை. தொழிலாளி வெளியே போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்தார்கள். அது வேறு கதை. நான் சொல்ல வருவது, தோட்டம் துண்டாடப்பட்டு, எண்ணெய் தரும் செம்பனை வந்து, ஜனங்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, பக்கத்தில் இருந்ததெல்லாம் தூரமாகிவிட்டது. தமிழ்ப்பள்ளி பழைய தோட்டத்திலேயே நிற்கிறது, பிள்ளைகள் தாமானில் இருக்கிறார்கள். நடுவில் பள்ளி வேன். அந்த வேன் கட்டணத்தைப் பார்த்துவிட்டுத் தமிழ்ப்பள்ளியே வேண்டாம் என்று முடிவு செய்த பெற்றோரை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ரயிலும் இருந்தது, நேயர்களே. தாப்பா ரோட்டிலிருந்து அன்றைய தெலுக் ஆன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, 1893இல் தண்டவாளம் போட்டார்கள். நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடத் தொடங்கி எட்டே வருடத்தில். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான், இருந்தாலும் ஆட்களும் ஏறினார்கள். 1989இல் மூடிவிட்டார்கள். இன்று தாப்பா ரோட்டில் இ.டி.எஸ். மின்ரயில் நிற்கிறது, கோலாலம்பூருக்கு ஜம்மென்று போகலாம். ஆனால் தெலுக் இந்தானிலிருந்து தாப்பா ரோட் வரைக்குமான முப்பது கிலோமீட்டருக்குள்தான் நம் பாடு திண்டாட்டம். ரயில் டிக்கெட்டைவிட அந்தத் துண்டுக்குக் கிராப் வாடகைக் காரர் கேட்கும் காசு கசக்கிறது.

இன்னொரு வேடிக்கை. எங்கள் பக்கத்து ஜெண்டராத்தா தோட்டத்தில் செம்பனைக் குலைகள் இன்றைக்கும் குட்டி ரயிலில்தான் ஆலைக்குப் போகின்றன. லாரியைவிடச் சிக்கனம், மண்ணும் அமுங்காது. புத்திசாலித்தனமான ஏற்பாடு, நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டியபோது ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "பழத்துக்கு ரயில் இருக்கு, நமக்கு ஏன் டீச்சர் இல்ல?"

அரசாங்கத் திட்டங்களைப் படித்துப் பார்த்தேன். 2022இல் வந்த தேசிய எரிசக்திக் கொள்கையில், நகர்ப்புறங்களில் பொதுப் போக்குவரத்தின் பங்கை 2040க்குள் 50 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நல்ல இலக்கு. நகர்ப்புறம் என்ற அந்தச் சொல்லுக்குள் ஊத்தான் மெலிந்தாங் அடங்குமா? தலைநகர் வட்டாரமான கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர் மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) அட்டை வாங்கி எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி. நகர ரயில்கள், பஸ் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். எங்களுக்கு 50 வெள்ளி, ஈப்போவுக்கு ஒரு நடை கிராப் போகக்கூடப் பற்றாது. மின்சாரக் கார் வாங்குங்கள் என்கிறார்கள். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிற குடும்பத்திடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெட்ரோலுக்கு மானியம் இருக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் புதிய திட்டம் வந்தபோது ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 சென். அடையாள அட்டையைக் காட்டினால் மாதம் 300 லிட்டர் வரை. கூடவே ஒரு நிபந்தனை: ஓட்டுநர் லைசன் வேண்டும். பஸ் நிறுத்தத்து அக்காவிடம் லைசன் கிடையாது. கார் வைத்து அதிகமாகப் புகை விடுகிறவருக்கு அரசாங்கத்தின் காசு, புகையே விடாத அக்காவுக்கு ஓட்டைத் தகரத்தின் வெயில். அந்த மானியத்தைப் பிடுங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஊரில் நடமாட முடியாது. அதில் ஒரு சின்னப் பங்கையாவது பஸ்ஸுக்குக் கொடுங்கள் என்கிறேன்.

எங்களைப் போன்ற ஊருக்கு 40 இருக்கை பஸ் வேண்டாம் என்பது என் கட்சி. பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் போதும். ஆனால் அது நேரம் தவறாமல் வர வேண்டும். தலைநகரத்தில் 2024 முதல் கூப்பிட்டால் வரும் வேன்கள் ஓடுகின்றன, செயலியில் பதிந்தால் வந்து ஏற்றிக்கொள்கின்றன. அதை இங்கே கொண்டுவரலாம். செயலி மட்டும் என்று வைத்தால் அக்கா மறுபடியும் நிறுத்தத்தில்தான் இருப்பார், ஆகவே போன் பண்ணியும் கூப்பிட முடிய வேண்டும். காலை ஆறரைக்கு ஆலை ஷிப்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கு ஏழு மணிக்குள் ஒன்று, தாப்பா ரோட் ரயிலுக்குச் சேர்கிறமாதிரி ஒன்று. நாலு நேரம் நிச்சயமாக இருந்தால் போதும், வேன் நிறையும்.

நம் ஜனங்கள் காரை விட்டு இறங்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். தைப்பூசத்தன்று பத்துமலையைப் போய்ப் பாருங்கள். ரயில் நிலையம் கோயில் வாசலிலேயே இருக்கிறது. 2010இல் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் அங்கே வந்ததிலிருந்து பால்குடத்தோடு, குழந்தையோடு, கட்டுச்சோற்றோடு ஜனங்கள் ரயிலில்தான் குவிகிறார்கள். யாரும் அவர்களுக்குப் பருவநிலை வகுப்பு எடுக்கவில்லை. ரயில் வரும் என்று தெரியும், ஏறினார்கள்.

அதுவரைக்கும் என்ன செய்வது? நாங்கள் தாமானில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம், மளிகைக் கடையில். யார் எந்தக் கிழமை எங்கே போகிறார் என்று எழுதி வைப்போம். இடமிருந்தால் மற்றவர் ஏறிக்கொள்வார். வாட்ஸ்அப்பில் முயன்று பார்த்தோம், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே எல்லாம் காணாமல் போயிற்று, அதனால் பழையபடி நோட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

இன்று என்னோடு காரில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை. ஒரு தம்பிக்கு நேர்முகத் தேர்வு. மூன்றாவது ஆள் அந்த அக்கா, மகளைப் பார்க்க. பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். கண்ணில் மருந்து விட்டவரை வெயிலில் நிறுத்தி வைக்கக் கூடாது, நான் கிளம்புகிறேன். வணக்கம்.