ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு மேடு

நேயர்களுக்கு வணக்கம்.

கடைகளில் கார்டு தேய்க்கும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். பழைய மெஷினில் எண்கள் ரப்பர் பட்டன்களாக இருக்கும். அதில் 5 மேல் மட்டும் சின்னதாக ஒரு மேடு உண்டு. கண் தெரிகிறவர்கள் பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். பார்வை இல்லாத எனக்கு அந்த மேடு போதும். விரல் அதில் பட்டதும் மேலே 2, கீழே 8, இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 6 என்று மற்றதெல்லாம் பிடிபட்டுவிடும். என் பின் நம்பரை நானே போடுவேன்.

இப்போது நிறையக் கடைகளில் அந்த மெஷின் போய், வழவழவென்று கண்ணாடித் திரை வந்துவிட்டது. எங்கே தடவினாலும் ஒரே மாதிரி இருக்கிறது. நம் பெங்களூரு சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைப் பையன் நல்ல மனதோடுதான் கேட்டான், "நம்பரைச் சொல்லுங்க மேடம், நானே போட்டுடறேன்" என்று. சுற்றிலும் கூட்டம். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கியே எச்சரிக்கிற எண்ணை அங்கே எப்படி உரக்கச் சொல்வது? எடுத்த சேலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கண்ணாடியைக் குறை சொல்லவில்லை. 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ், திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னது. இன்று ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் அதே வேலையைச் செய்கிறது. கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச மென்பொருள் அது. தமிழும் படிக்கும். நான் வேலைக்குப் போய் என் காலில் நிற்பது இவற்றால்தான். ஆக, கண்ணாடித் திரையைப் பேச வைக்கும் வழி தெரிந்து பல வருஷம் ஆகிறது. இருந்தும் கடை மெஷின்கள் பல ஊமையாக வருகின்றன என்றால், செய்யும்போது எங்களை யாரும் நினைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

போன் செயலிகளிலும் இதே கதைதான். ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் 'பணம் அனுப்பு', 'திரும்பிப் போ' என்று ஒரு சிறு விவரம் எழுதியிருந்தால் டாக்பேக் அதைப் படித்துச் சொல்லும். எழுதாவிட்டால் வெறும் "பட்டன்... பட்டன்... பட்டன்" என்றுதான் கேட்கும். எது பணம் அனுப்பும், எது அழித்துவிடும் என்று எப்படித் தெரியும்? இதைவிடக் கொடுமை, நேற்று வரை பேசிய செயலி ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வாயடைத்துப் போவது. பழகிய விரலுக்கு ஒரே இரவில் வழி தெரியாமல் போகிறது. இதற்குப் போய் எங்களை "டெக்னாலஜியில் பின்தங்கியவர்கள்" என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

ஸ்ரீராமபுரத்தில் நான் போன் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர், வயதான பிறகு பார்வை போனவர். வங்கிக் கணக்குக்கு வீடியோ கேஒய்சி, அதாவது கேமரா வழியாக ஆளைச் சரிபார்க்கும் சோதனை. முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது. வட்டம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இமையும் சரியாக மூடாது. திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு என்னிடம் கேட்டார்: "நான் உயிரோட இருக்கேன்னு இதுக்கு வேற எப்படிம்மா சொல்றது?"

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும், பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும், கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி தர வேண்டும் என்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. விதிகள் அறிவித்த இரண்டு ஆண்டுக்குள் தனியார் நிறுவனங்களும் சேவைகளை மாற்றியாக வேண்டும் என்று அதன் 46ஆவது பிரிவு சொல்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெரியவர் பேரனை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்புறம், நம் தமிழ்ச் சங்கங்கள், பத்திரிகை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். அடியில் இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று நீங்கள் அடித்தது எனக்கு "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று கேட்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடியுங்கள். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது, தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றது. அழைப்பிதழைப் படமாக அனுப்புகிறவர்கள், அதில் உள்ளதைக் கீழே நாலு வரி தட்டச்சு செய்துவிடுங்கள். எங்களுக்கும் விழாவுக்கு வர ஆசை இருக்கிறது.

வைட்பீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். டாக்பேக் பெரும்பாலும் உங்கள் போனிலேயே இருக்கும். இன்றைக்கு அதை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் உருவாக்கிய செயலியில் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து பாருங்கள். எங்கே சிக்கி நிற்கிறீர்களோ அதைக் குறித்துக்கொண்டு, நாளைக்குக் காலையில் உங்கள் டீமிடம் சொல்லுங்கள். அடுத்த அப்டேட் வெளியே போகும் முன் பார்வையற்ற ஒருவரைக் கூப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள், அந்த வேலைக்குச் சம்பளமும் கொடுங்கள். நன்றி, வணக்கம்.